நாட்குறிப்பிலிருந்து நாளைப் பிடுங்காதீர்கள்

மதிப்பிற்குரிய பதிப்புக் குழுவினருக்கு,

ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஸ்கேவன் பிளண்டின் நாட்குறிப்புகளைத் தமிழில் ஒரே தொகுதியாக, டெம்மி அளவில் 320 பக்கங்களில் கொண்டுவரப்போவதாக அறிவித்தீர்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு மாதிரிப் பாரமும் (16 பக்க அச்சுத் தாள்) அனுப்பினீர்கள். அந்த 16 பக்கங்களையும் மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறோம். வாசிப்பு ஓட்டத்துக்காகத் தேதிகளை நீக்குகிறோம், பின்னிணைப்புகளை விட்டுவிடுகிறோம், பெயரடைவு வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம், மூன்று நூல்களையும் ஒரே தன்வரலாறாகக் கோத்திருக்கிறோம் என்கிறது உங்கள் குறிப்பு. இந்த நான்கில் எதையும் எங்களால் ஏற்க முடியாது. நூல் இன்னும் அச்சேறவில்லை. நிறுத்தித் திருத்த நேரம் இருக்கிறது.

பிளண்ட் 1840இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். 18 வயதில் தூதரகப் பணியில் சேர்ந்து ஏதென்ஸ், கான்ஸ்டான்டிநோபிள், மாட்ரிட், பாரிஸ், லிஸ்பன், புவெனஸ் ஐரிஸ் என்று 11 ஆண்டுகள் ஊர் ஊராக மாறினார். 1869இல் கவிஞர் பைரனின் பேத்தியும் ஏடா லவ்லேஸின் மகளுமான ஆன் நோயலை மணந்து பணியை விட்டார். தூதரகப் பணியில் இருந்தபோது எழுதியவற்றைவிட, பின்னாளில் தூதர்களையும் ஆளுநர்களையும் எதிர்த்து அவர் எழுதியவைதான் இன்றும் வரலாற்றாசிரியர்களுக்குக் கைகொடுக்கின்றன. எகிப்தை பிரிட்டன் பிடித்த கதையை ஆட்சியாளரின் வீட்டு விருந்து மேசையிலிருந்தும், அவர்கள் நாடுகடத்தியவர்களின் வாய்மொழியாகவும் ஒருசேரக் கேட்டு எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். இவர் அவர்களில் ஒருவர். அப்படிப்பட்ட சாட்சியின் வாக்குமூலத்தில் எது எந்த நாளில் சொல்லப்பட்டது என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் பாரத்தின் 9ஆம் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவின் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கூட்டத்தை பிளண்ட் நேரில் கண்ட பகுதி அது. “காங்கிரஸ் மாநாட்டில் கலந்துகொண்டேன்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பிளண்ட் அங்கே இருந்தது 1883 டிசம்பர் கடைசியில். காங்கிரஸ் கட்சி பிறந்தது 1885 டிசம்பரில், பம்பாயில். பிளண்ட் பார்த்தது சுரேந்திரநாத் பானர்ஜியும் இந்தியன் அசோசியேஷனும் கூட்டிய தேசிய மாநாடு. காங்கிரசுக்கு இரண்டு ஆண்டு முன்பே அனைத்திந்திய அரசியல் கூட்டம் ஒன்று எப்படி நடந்தது என்பதற்கு வெளிநாட்டார் ஒருவர் அருகிருந்து தந்த சாட்சியம் என்பதால்தான் அந்தப் பதிவுக்கே மதிப்பு. “1883” என்ற நான்கு இலக்கம் மொழிபெயர்ப்பாளரின் கண்முன் இருந்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திருக்காது. தேதி இல்லாததால் அவர் தனக்குத் தெரிந்த பெயரை நிரப்பிவிட்டார். இந்திய நீதிபதிகள் ஐரோப்பியரை விசாரிக்க வழிசெய்ய முயன்ற இல்பர்ட் மசோதா பற்றிய வரிகளுக்கும் இதே கதிதான். மசோதா 1883 பிப்ரவரியில் அறிமுகமாகி, வெட்டிக் குறைக்கப்பட்டு 1884 ஜனவரியில் நிறைவேறியது. பிளண்ட் இந்தியாவில் சுற்றிய மாதங்களில்தான் அந்தச் சமரசம் நடந்தது. தேதியை எடுத்துவிட்டால் அவருடைய கோபம் மசோதா வருமுன் எழுந்ததா, வெட்டப்பட்ட பின் எழுந்ததா என்று படிப்பவருக்குத் தெரியாது.

இது எப்படி நேர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், சரிசெய்ய உதவும். பழைய ஆங்கில நாட்குறிப்பு நூல்களில் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பெரும்பாலும் நாளும் மாதமும் மட்டுமே இருக்கும். ஆண்டு, அத்தியாயத் தலைப்பிலோ பக்கத்தின் உச்சியில் ஓடும் தலைப்பிலோ இருக்கும். ஸ்கேன் செய்த பிரதியை எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து உரைக்கோப்பாக எடுப்பவர்கள் முதலில் நீக்குவது அந்த உச்சித் தலைப்பைத்தான், பத்தி நடுவே வந்து விழுகிறது என்பதற்காக. அதோடு ஆண்டு போய்விடும். இந்தக் கோப்பை வைத்து மொழிபெயர்ப்பவருக்கு “டிசம்பர் 28” கிடைக்கும், எந்த ஆண்டின் டிசம்பர் என்பது கிடைக்காது. ஆகவே முதல் வேலை, பக்கப் படங்களைத் திறந்து, உரைக்கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆண்டைக் கையால் சேர்ப்பது. மொழிபெயர்ப்பு அதன் பிறகுதான். அச்சில் இடப்பக்க உச்சியில் ஆண்டும் வலப்பக்க உச்சியில் எழுதிய இடமும் ஓடட்டும். வாசிப்பு ஓட்டம் இதனால் ஒன்றும் கெடாது.

டென்ஷவாய் நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். 1906 ஜூன் 13 அன்று அந்த எகிப்தியக் கிராமத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் புறா சுடப் போய்க் கைகலப்பானது. ஜூன் 28 அன்று கிராமத்தார் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். இரண்டுக்கும் இடையே பதினைந்தே நாள். பிளண்ட் அதே ஆண்டில் கண்டனச் சிறுநூல் ஒன்றையும் வெளியிட்டார். செய்தி அவருக்கு எப்போது எட்டியது, தண்டனைக்கு முன் எழுதியது எது, பின் எழுதியது எது, சிறுநூலில் சேர்த்தது எது என்று பின்தொடர்வதற்கு நாள் ஒன்றுதான் வழி. நீங்கள் அதை வெட்டி, மூன்று பதிவுகளை ஒரே பத்தியாகச் சேர்த்துவிட்டீர்கள்.

மூன்று நூல்களைக் கோத்தது இதைவிடப் பெரிய பிழை. எகிப்து ஆக்கிரமிப்பின் மறைவரலாறு பற்றிய நூல் 1881–82 நிகழ்ச்சிகளைச் சொல்கிறது, ஆனால் வெளிவந்தது 1907இல். அதன் முன்னுரையிலேயே ஒரு பகுதி 1895இலும் மறு பகுதி 1907இலும் எழுதியது. அது நினைவுக் குறிப்பு. பழைய கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய வழக்குரை என்றுகூடச் சொல்லலாம். ‘ரிப்பன் காலத்து இந்தியா’, ரிப்பன் வைஸ்ராயாக இருந்தபோது எழுதிய 1883–84 பயண நாட்குறிப்பு. ஆனால் 1909இல், வங்கப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் நாட்டை உலுக்கியிருந்த சூழலில், அன்றைய வாசகரைக் கண்முன் வைத்து இடையிடையே விளக்கம் சேர்த்து வெளியிட்டது. ‘என் நாட்குறிப்புகள்’ 1888 முதல் 1914 வரை. 1919இலும் 1920இலும் இரண்டு பாகங்களாக வந்தது. இந்த மூன்றும் காலத்தால் அடுத்தடுத்து வருவதால் ஒரே சரமாகக் கோக்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். கோத்ததும் என்ன ஆயிற்று? 1884க்கும் 1888க்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்தது. பிளண்ட் சிறை சென்றது அந்தப் பள்ளத்தில்தான்.

1887 அக்டோபரில் அயர்லாந்தின் உட்ஃபோர்டு என்ற ஊரில், குடியானவர்களை வெளியேற்றியதைக் கண்டித்து, தடையை மீறிக் கூட்டம் நடத்தியதற்காக அவரைக் கைது செய்தார்கள். 1888 தொடக்கத்தில் கால்வே சிறையிலும் டப்ளினின் கில்மெய்னம் சிறையிலும் இரண்டு மாதம் இருந்தார். அதை அவர் 1912இல் வந்த நான்காவது நூலில், அயர்லாந்து நிலப் போராட்டம் பற்றியதில், எழுதினார். அந்த நூல் உங்கள் திட்டத்தில் இல்லை. விளைவு, உங்கள் பிளண்ட் 1884இல் இந்தியாவிலிருந்து கப்பலேறுகிறார், அடுத்த பக்கத்தில் 1888இல் எங்கோ ஒரு விருந்தில் இருக்கிறார். ஏகாதிபத்தியத்தை எதிர்த்ததற்காகச் சிறை சென்ற பிரபு என்று நீங்களே பின்னட்டையில் விளம்பரம் செய்யும் மனிதரின் சிறைவாசம் நூலுக்குள் இல்லை.

அந்தப் பின்னட்டையில் இன்னொரு வாசகம் இருக்கிறது: “அரை நூற்றாண்டு பூட்டிவைக்கப்பட்ட ரகசிய டயரி, முதன்முறையாகத் தமிழில்.” இது உண்மை அல்ல. பூட்டிவைக்கப்பட்டவை பிளண்டின் கையெழுத்துப் படிகளும் அந்தரங்கக் குறிப்புகளும். அவை கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1972இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நீங்கள் மொழிபெயர்ப்பது 1919–20இல் கடையில் விற்ற நூலை. தம் எண்பதாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த பிளண்ட், காதல் விவகாரங்களையும் உயிரோடிருந்தவர்கள் மனம் புண்படக்கூடிய பலவற்றையும் தாமே களைந்துவிட்டு வெளியிட்டது அது. களைந்த படியும் நல்ல படிதான், படிக்க வேண்டியதுதான். ஆனால் அதைக் களையாத படி என்று சொல்லி விற்பது வாசகரை ஏமாற்றுவது. அதற்கு மேல், 1979இல் வந்த வாழ்க்கை வரலாற்று நூலிலிருந்து அந்தரங்கக் குறிப்பின் சில வரிகளை எடுத்து, அதே எழுத்துருவில், அதே பத்திக்குள் நுழைத்திருக்கிறீர்கள். பிளண்ட் 1922இல் காலமானதால் அவர் வெளியிட்ட நூல்களுக்கு இங்கே காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிறது. 1979 நூல் அப்படி அல்ல. அனுமதி வாங்காமல் அதைத் தொட முடியாது. அனுமதி வாங்கினாலும் அடிக்குறிப்பில்தான் போட வேண்டும், பதிவுக்குள் அல்ல.

இனி ஆன்.

1878 டிசம்பரில் டமாஸ்கஸிலிருந்து ஒட்டகங்களோடு புறப்பட்டு, நஃபூத் மணற்பாலையைத் தாண்டி, 1879 ஜனவரியில் நடு அரேபியாவில் நஜ்து நாட்டின் ஹாயில் நகரை அடைந்த பயணத்திலிருந்து இரண்டு பக்கம் தந்திருக்கிறீர்கள். அது பிளண்டின் எழுத்தே அல்ல. 1881இல் வெளிவந்த அந்தப் பயண நூலின் ஆசிரியர் ஆன் பிளண்ட். நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதியவர், ஓவியம் தீட்டியவர், நூலில் “நான்” என்று பேசுபவர் அவர்தான். கணவர் அந்த நூலில் “வில்ஃபிரட்” என்று படர்க்கையில் வருகிறார். உங்கள் பாரத்தில் “வில்ஃபிரட்” எல்லாம் “நான்” ஆகிவிட்டது. ஆனின் “நான்” அப்படியே நிற்கிறது. இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.

அதே பயணத்தில் வாதி ஸிர்ஹான் பள்ளத்தாக்கில் நடந்த தாக்குதலைப் பாருங்கள். ஆனுக்கு முழங்காலில் அடி, குதிரையேற முடியவில்லை. திடீரென்று ஈட்டி ஏந்திய குதிரைக்காரர்கள் பாய்ந்து வருகிறார்கள். வில்ஃபிரட்டின் துப்பாக்கியைப் பிடுங்கி அதனாலேயே அவர் தலையில் அடிக்கிறார்கள். எதிர்ப்பதில் பயனில்லை என்று கண்ட ஆன், அருகிலிருந்த வீரனை நோக்கி “அன தஹீலக்” என்று கத்துகிறார். “உன் அடைக்கலம் நான்” என்று பொருள். பாலைவன வழக்கப்படி அதைச் சொன்னவரை அதன் பின் தாக்கக் கூடாது. அடி வாங்கிக்கொண்டிருக்கும் கணவரின் பக்கத்தில், நடக்க முடியாத நிலையில், சரியான அரபுச் சொல்லைச் சரியான நேரத்தில் சொன்னவர் ஒரு பெண். உங்கள் மொழிபெயர்ப்பில் அதைச் சொல்பவர் பிளண்ட். தலையில் அடி வாங்குபவரும் அவர், அடைக்கலம் கேட்பவரும் அவர்.

ஆங்கிலத்தில் படிப்பவர் “வில்ஃபிரட்” என்ற பெயரைப் பார்த்தாவது பேசுபவர் வேறு ஆள் என்று பிடித்துவிடுவார். தமிழில் அந்த வாய்ப்பும் கிடையாது. “சென்றேன்”, “கத்தினேன்” என்ற தன்மை வினையில் ஆண் பெண் தெரியாது. நீங்கள் தலைப்பில் யார் பெயரைப் போடுகிறீர்களோ அவரே பேசுவதாக வாசகர் நம்புவார், ஐயம் வருவதற்கே இடமில்லை. ஆகையால் தமிழ்ப் பதிப்பாசிரியருக்கு இந்த இடத்தில் ஆங்கிலப் பதிப்பாசிரியரைவிடக் கூடுதல் பொறுப்பு. 1879இல் வந்த யூப்ரடீஸ் பயண நூலின் முகப்பிலும் ஆனின் பெயர்தான் ஆசிரியராக இருக்கிறது. பிளண்ட் திருத்தி, முன்னுரையும் அரபுக் குதிரைகள் பற்றிய பகுதியும் சேர்த்தவர். ஆனின் கையெழுத்துக் குறிப்பேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அச்சு நூலில் கணவர் கை வைத்த இடங்கள் அவற்றோடு ஒப்பிட்டால் தெரியும். அந்த ஒப்பீட்டை உங்களிடம் கேட்கவில்லை. அவர் எழுதியதை அவர் பெயரில் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கவிதையிலும் இதே தவறு. ‘ஒரு பெண்ணின் சானெட்டுகள்’ என்ற 12 கவிதைகளில் (சானெட் என்பது 14 வரிக் கவிதை) இரண்டை பிளண்டின் கவிதையாகத் தந்திருக்கிறீர்கள். அவை லேடி கிரெகரி எழுதியவை. பிளண்ட் சிறு மாற்றங்களோடு அவற்றைத் கெல்ம்ஸ்காட் அச்சகம் 1892இல் வெளியிட்ட தம் தொகுப்பில், எழுதியவர் பெயர் சொல்லாமல் சேர்த்தார். பின்னாளில் அயர்லாந்து நாடக இயக்கத்தின் தூணாக நின்ற அதே கிரெகரிதான். அவர் கணவர் 1870களில் இலங்கையின் ஆளுநராக இருந்து கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டியவர். பிளண்டின் கவிதைதான் வேண்டுமென்றால் சிறையில் எழுதி 1889இல் வெளியிட்ட சானெட்டுகளை எடுங்கள். எப்படியும் அந்தச் சிறைவாசம் உங்கள் நூலுக்கு வேண்டும். சானெட்டை உரைநடையாக உடைக்க வேண்டாம். 14 வரியாகவே இருக்கட்டும். எதுகைக்காக வலிந்து சொல் தேட வேண்டியதில்லை, வரி எண்ணிக்கையும் எட்டாம் வரிக்குப் பின் வரும் திருப்பமும் நின்றால் போதும்.

பெயர்கள் விஷயத்தில் மாதிரிப் பாரம் எங்களைத் திடுக்கிட வைத்தது. “ஷேக் உபைதைப் பார்க்கப் போனேன்” என்று நான்கு இடத்தில் வருகிறது. ஷேக் உபைத் அங்கே ஆள் அல்ல; கெய்ரோவுக்கு வெளியே பாலைவன விளிம்பில் பிளண்ட் 1882இல் வாங்கிய பழத்தோட்டம். அதில் அடக்கமாகியிருந்த ஒரு பெரியவரின் பெயரால் தோட்டத்துக்கு அந்தப் பெயர். நியூபில்டிங்ஸ் என்பது சசெக்ஸில் அவர் வாழ்ந்து மறைந்த 17ஆம் நூற்றாண்டு வீடு. நீங்கள் “புதிய கட்டடங்கள்” என்று பெயர்த்து, அவர் அங்கே குடியேறியதைக் கட்டுமானப் பணி முடிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். “போர்ட்” என்று ஆங்கிலத்தில் குறித்தது கான்ஸ்டான்டிநோபிளின் உஸ்மானிய அரசை. அது “துறைமுகம்” ஆகியிருக்கிறது. கெய்ரோவின் “ஏஜென்சி” பிரிட்டிஷ் பிரதிநிதியின் மாளிகை, எகிப்தை உண்மையில் ஆண்ட இடம். அது “முகவர் நிலையம்” அல்ல. குதிரைப் பகுதியில் “வளைகுடாப் பெட்டைக் குதிரை” என்று வந்திருப்பது (ஆங்கிலத்தில் “பே”) உடல் செம்பழுப்பும் பிடரியும் வாலும் கறுப்புமான குதிரையின் நிறப்பெயர். “சுளுக்கு” என்று வந்திருப்பது (ஆங்கிலத்தில் “ஸ்ட்ரெயின்”) குதிரையின் வம்சக் கிளை. அரபுக் குதிரை வளர்ப்பில் குஹைலான், ஸக்லாவி, ஹம்தானி என்று கிளை சொல்வது தாய்வழி. இந்தத் தம்பதி 1878இல் தொடங்கிய கிராபெட் குதிரைப் பண்ணையின் பதிவேடே அந்தத் தாய்வழிக் கணக்கில்தான் நடந்தது. இது தெரியாமல் அந்தப் பக்கங்களை மொழிபெயர்க்க முடியாது. இயந்திரம் தந்ததை ஒருவர் மேலோட்டமாகத் தமிழாக்கித் தந்திருக்கிறார் என்பது இந்தச் சொற்களிலேயே தெரிகிறது.

அரபுப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலிலிருந்து எடுக்காதீர்கள். “அராபி பாஷா” என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் அது “அரபி” என்ற சொல்லோடு குழம்புகிறது. பிரிட்டன் எகிப்தைப் பிடித்தபோது எதிர்த்து நின்ற தேசியத் தலைவரான அவர் பெயர் அஹ்மத் உராபி. இலங்கையில் “ஒராபி பாஷா” என்று வழங்குகிறார்கள். முஹம்மது அப்துஹு, ஜமாலுத்தீன் ஆப்கானி போன்ற இஸ்லாமியச் சீர்திருத்தச் சிந்தனையாளர்களின் பெயர்களுக்குத் தமிழ் முஸ்லிம் எழுத்தாளர்களிடம் நெடுங்கால வழக்கு இருக்கிறது. அதைப் பின்பற்றுங்கள்.

பெயரடைவு வேண்டாம் என்பதற்குச் செலவைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். கூடினால் ஒன்றரைப் பாரம் கூடும். அது இல்லாமல் இந்த நூல் நடக்காது. பிளண்ட் ஆட்களை முதல் பெயரில் அழைப்பவர், ஒரே பெயரில் பலர் வருவார்கள். 1891க்கு முன் “லிட்டன்” என்றால் ராபர்ட் லிட்டன். தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது வைஸ்ராயாக இருந்தவர், அவரும் தூதர், அவரும் கவிஞர், பிளண்டின் நெருங்கிய நண்பர். 1879இல் பிளண்ட் சிம்லாவில் தங்கியது அவரிடம்தான். 1891இல் அவர் இறந்த பிறகு வரும் லிட்டன்கள் அவருடைய மகன்கள். அவர்களில் நெவில் 1899இல் பிளண்டின் மகள் ஜூடித்தை மணந்தார். உங்கள் பாரத்தில் 1899இல் “முன்னாள் வைஸ்ராய் லிட்டன்” கெய்ரோவில் மாப்பிள்ளையாக நிற்கிறார். “அப்பாஸ்” இருவர்: ஒருவர் 19ஆம் நூற்றாண்டு நடுவில் எகிப்தை ஆண்டு, உயர்சாதிக் குதிரைகளைச் சேர்த்தவர், மற்றவர் 1892 முதல் 1914 வரை கெதிவாக (எகிப்தின் ஆட்சியாளராக) இருந்தவர். “சர்ச்சில்” 1895 வரை ராண்டால்ஃப், பிறகு வின்ஸ்டன். எகிப்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஈவ்லின் பேரிங் 1892 முதல் க்ரோமர் பிரபு. “ஆர்தர்” என்பது ஆர்தர் பால்ஃபர். பிளண்ட் சிறையில் இருந்தபோது அயர்லாந்து நிர்வாகத்தின் தலைவர், பின்னாளில் பிரதமர். அடைவு தயாரிக்கையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தலைச்சொல், மற்ற பெயர்களிலிருந்து அதற்குச் சுட்டு, கூடவே பிறப்பு இறப்பு ஆண்டுகள். பக்க எண்ணைப் பக்க அமைப்பு இறுதியான பின்பே சேர்க்க வேண்டும், முன்னதாகச் சேர்த்தால் கடைசித் திருத்தத்தில் எல்லாம் நகர்ந்துவிடும்.

பின்னிணைப்புகளை விடுவது எகிப்தியரின் குரலை விடுவது. மறைவரலாற்று நூலின் பின்னிணைப்பில்தான் எகிப்திய தேசியக் கட்சி 1881 இறுதியில் வகுத்த கொள்கை அறிக்கை இருக்கிறது. உராபி தம் வாழ்க்கையை அரபியில் சொல்ல, 1903 மார்ச்சில் ஷேக் உபைத் தோட்டத்தில் பிளண்ட் எழுதிக்கொண்டதும் அங்கேதான் இருக்கிறது. பிளண்டின் கதையில் உராபி பிளண்டின் வழியாகவே பேசுகிறார். பின்னிணைப்பில் மட்டும் தாமே பேசுகிறார். உரைப்பகுதியில் 20 பக்கம் குறைத்தாவது இதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

தமிழ்ப் பதிப்பு இந்த இடத்தில் ஆங்கிலப் பதிப்பு எதுவும் செய்யாததைச் செய்ய முடியும். தோற்று நாடுகடத்தப்பட்ட உராபி உட்பட ஏழு பேரை 1883 ஜனவரியில் கொழும்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். உராபி 1901 வரை இலங்கையில், கொழும்பிலும் பிறகு கண்டியிலும் வாழ்ந்தார். பிளண்டும் ஆனும் 1883இல் அவரைப் பார்க்கவே முதலில் இலங்கை வந்து, அங்கிருந்து சென்னைக்குப் போனார்கள். அதே காலத்தில் இலங்கை முஸ்லிம் அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தமிழில் நடத்திக்கொண்டிருந்தார். 1892இல் தொடங்கிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் பின்னணியில் அவரும் உராபியும் இருந்தார்கள். பிளண்ட் இலங்கை பற்றி எழுதிய பதிவுகளுக்கு அடிக்குறிப்பு எழுதுபவர் ‘முஸ்லிம் நேசன்’ பக்கங்களைப் புரட்டாமல் எழுதக் கூடாது. சென்னை அத்தியாயத்தை முழுவதும் விட்டுவிட்டீர்கள், “உள்ளூர் விவரம்” என்று. ரிப்பன் மாளிகையைத் தினமும் கடந்துபோகிற வாசகருக்கு ரிப்பன் காலத்துச் சென்னையை ஒருவர் நேரில் கண்டு எழுதியது எப்படி வேண்டாத விவரமாகும்?

பிளண்டை நல்லவராகக் காட்டுவதற்காக வெட்டியவற்றையும் பார்த்தோம். யூதர்களைப் பற்றி அவர் எழுதிய வெறுப்பு வரிகள் இல்லை. லிட்டன் மீது வைத்திருந்த அன்பைச் சொல்லும் இடங்களைக் குறைத்திருக்கிறீர்கள். ஆனோடு 1906இல் பிரிந்தது ஒரே வரியில் முடிகிறது. உங்கள் அறிமுகக் குறிப்பில், 1914 ஜனவரி 18 அன்று யேட்ஸ், எஸ்ரா பவுண்ட் முதலிய கவிஞர்கள் நியூபில்டிங்ஸுக்கு வந்து அவரைப் பாராட்டிய விருந்தில் பரிமாறிய மயிலைக்கூடக் கோழியாக்கிவிட்டீர்கள். மயிலை வணங்கும் வாசகர் முகம் சுளிப்பார் என்ற கவலை புரிகிறது. ஆனால் அந்த விருந்துக்கே மயில் விருந்து என்றுதான் பெயர். உண்மையைச் சொல்லி, வேண்டுமானால் அடிக்குறிப்பு போடுங்கள். முகம் சுளிக்கும் உரிமையை வாசகருக்கு விட்டுவிடுங்கள்.

நாங்கள் கேட்பவை இவை. தற்போதைய கோப்பை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் நாள், மாதம், ஆண்டு, எழுதிய இடம் நான்கையும் மீட்டுப் போடுங்கள். மூன்று நூல்களையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எந்தக் காலத்தைப் பற்றியது, எப்போது வெளிவந்தது என்று அரைப் பக்கம் எழுதுங்கள். 1887–88 அயர்லாந்துப் பகுதியை நான்காவது நூலிலிருந்து சேருங்கள். 320 பக்கத்துக்குள் இவ்வளவும் அடங்காது என்றால் இரண்டு பாகமாகப் போடுங்கள், இரண்டுக்கும் பணம் தர முன்பதிவு செய்தவர்கள் தயங்க மாட்டோம். ஆனின் பக்கங்களை ஆனின் பெயரில், தனிப் பகுதியாக, முகப்பு அட்டையிலும் அவர் பெயரோடு வெளியிடுங்கள். கிரெகரியின் கவிதைகளை நீக்குங்கள் அல்லது அவர் பெயரில் போடுங்கள். பின்னட்டையிலிருந்து “ரகசிய டயரி” என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதை நம்பிப் பணம் கட்டியவர்கள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவியுங்கள். அனுமதியின்றி எடுத்த வரிகளை நீக்குங்கள். வெட்டிய இடமெல்லாம் மூன்று புள்ளியிட்டுக் காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பை அரபுப் பெயர்களும் எகிப்து வரலாறும் அறிந்த ஒருவரும், குதிரைச் சொற்கள் அறிந்த ஒருவரும் பார்க்கட்டும். திருத்திய மாதிரிப் பாரத்தை, அதே 16 பக்கங்களை, மீண்டும் அனுப்புங்கள். மூலத்தோடு ஒப்பிட்டு, பிழைகளைப் பக்க எண், வரி எண்ணோடு பட்டியலிட்டு, கிடைத்த பத்து நாளுக்குள் ஊதியம் ஏதும் வாங்காமல் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாசகர்கள் சிலர்